பேரை மாத்தினா மட்டும் வேற அமைப்பு ஆயிடாது

நாலு பேர் சேர்ந்து எழுதற ஒரு கற்பனை உலகம். அதுல விசித்திரமான பொருளெல்லாம் இருக்கு, பொதுமக்களுக்குத் தெரியாது, ஒரு ரகசிய அமைப்பு அதுங்களைத் தேடிப் பிடிச்சுப் பூட்டி வைக்குது. இப்படி ஒரு புராஜெக்ட் ஆரம்பிச்ச ரெண்டாவது நாளே யாராவது வந்து கேட்டுடுவாங்க, "இது எஸ்சிபி ஃபவுண்டேஷன் தானே?"ன்னு. (இணையத்துல பல பேர் சேர்ந்து எழுதற, இதே மாதிரி ஒரு கதை உலகம் அது, அதுல வர்ற ரகசிய அமைப்புக்கும் அதே பேர் தான்.) எங்க குரூப்லயும் கேட்டாங்க. இல்லையில்ல, எங்க அமைப்புக்குப் பேர் வேற, லோகோ வேற, பதவிப் பேரெல்லாம் வேறன்னு பதில் சொன்னோம். அது பதிலே இல்லன்னு புரிய எங்களுக்கு ஆறு மாசம் ஆச்சு. அந்த ஆறு மாசத்துல எழுதினதை எல்லாம் ஒருநாள் உக்காந்து படிச்சா, பேரை மட்டும் மாத்திப் போட்டா அத்தனையும் ஃபவுண்டேஷன் கதையாவே ஓடுது, ஒரு வரி கூட இடிக்கல. மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு, ஏன்னா எல்லாரும் நெஜமாவே உழைச்சு எழுதியிருந்தாங்க. ஏன் இப்படி ஆகுது, அப்புறம் ஒரு அமைப்பு எதனால தான் தனியா தெரியுதுன்னு அப்போலேருந்து யோசிச்சிட்டிருக்கேன்.

மொதல்ல ஃபவுண்டேஷனே எப்படிப் பிறந்துச்சுன்னு பாக்கணும், விஷயமே அதுல தான் இருக்கு. 2007ல ஃபோர்சான்ங்கற இணையப் பலகைல அமானுஷ்யம் பேசற பகுதில பேர் போடாத ஒருத்தர் ஒரு பதிவு போட்டாரு. அது தான் எஸ்சிபி-173. பாத்துட்டே இருந்தா அசையாது, கண்ணை எடுத்தா கழுத்தை முறிச்சிடும், அப்படி ஒரு சிலை. ஆனா அதைக் கதையா எழுதல அவரு. உள்ள போறவங்க மூணு பேருக்குக் குறையக் கூடாது, போனதும் பின்னாடி கதவைத் திரும்பப் பூட்டணும், ரெண்டு பேர் எப்பவும் அதைப் பாத்துட்டே இருக்கணும், அப்படின்னு ஒரு ஆபீஸ் ஃபைல் மாதிரி எழுதியிருந்தாரு. தலைவர் யாரு, எத்தனை கிளை, எப்போ ஆரம்பிச்சாங்க, ஒண்ணும் கிடையாது. எஸ்சிபிங்கற மூணு எழுத்தே "ஸ்பெஷல் கன்டெயின்மென்ட் புரொசீஜர்ஸ்"ங்கற அந்தத் துணைத்தலைப்பு தான். 2008 ஜனவரில எல்லாரும் சேர்ந்து எழுத ஒரு விக்கி வந்துச்சு, அதே வருஷம் ஜூலைல விக்கிடாட்ங்கற தளத்துக்கு மாறுச்சு, அதுக்கப்புறம் தான் ஓ-5 கவுன்சில்ங்கற தலைமைக் குழு, டி-கிளாஸ்ங்கற சோதனைக்குப் பயன்படுத்தற கைதிங்க, பொருளைப் பூட்டி வைக்கற சைட்டுங்கன்னு ஒவ்வொண்ணா சேர்ந்துச்சு. அதாவது அமைப்பை உருவாக்கிட்டு அதுக்கு ஃபைல் எழுதல. ஃபைல் மொதல்ல வந்துச்சு, இப்படி ஒரு ஃபைலை இவ்ளோ அமைதியா எழுதறவங்க யாரா இருக்கும்னு மத்தவங்க ஊகிச்சு ஊகிச்சு அமைப்பு வந்துச்சு.

இதுக்கு ஒரு சாட்சியும் இருக்கு. 173க்குன்னு எல்லாருக்கும் ஞாபகம் இருந்த அந்தப் போட்டோ, ஜப்பான் சிற்பி இசுமி கத்தோ செஞ்ச ஒரு சிற்பத்தோட படம், அந்தப் பதிவு போட்டவரோடது கிடையாது. லாபம் பாக்காத வரைக்கும் பரவால்லன்னு சிற்பி விட்டிருந்தாரு. 2022 பிப்ரவரில அந்தப் படத்தைக் கட்டுரைலேருந்து எடுத்துட்டாங்க. அவ்ளோ பிரபலமான உருவம் போயிடுச்சு, ஆனா 173 அப்படியே தான் இருக்கு. அந்த மூணு பேர் விதி, ரெண்டு பேர் கண்ணு, பூட்டின கதவு, இதுல தான் அது இருந்துச்சு. நாங்களோ லோகோவுக்கே மூணு வாரம் செலவு பண்ணியிருந்தோம்.

வாசகர் அமைப்பை நேர்ல பாக்கறதே இல்ல. அது எழுதி வச்ச காகிதத்தைத் தான் பாக்கறாரு. அதனால அமைப்பு எதை முக்கியம்னு குறிச்சு வைக்குது, எதைக் கேக்கவே இல்ல, எதைச் சொல்லக் கூசுது, இதெல்லாம் சேர்ந்து தான் அதோட முகம். ஃபவுண்டேஷனோட வகைப்பாட்டையே எடுத்துக்குங்க. சேஃப், யூக்ளிட், கீட்டர்னு மூணு. புதுசா படிக்கறவங்க இதை ஆபத்தோட அளவுன்னு நெனச்சுக்குவாங்க, அது தப்பு. அடைச்சு வைக்க எவ்ளோ கஷ்டம்ங்கறது தான் அளவு. ஒரு பெட்டில போட்டுப் பூட்டிட்டுப் போனா அது பாட்டுக்கு இருக்குமா, அப்போ சேஃப், பட்டனை அழுத்தினா ஊரே அழியும்னாலும் அது சேஃப் தான், யாரும் அழுத்தாம பாத்துக்கிட்டா போதும். என்ன பண்ணும்னே நிச்சயமில்லையா, யூக்ளிட். அடைக்கவே முடியலையா, கீட்டர். பாருங்க, ஒரு வார்த்தை அறிமுகம் இல்லாம அந்த அமைப்போட மனசு முழுக்க இதுல தெரிஞ்சிடுது. எத்தனை பேர் செத்தாங்கங்கறது அவங்களுக்கு ரெண்டாம்பட்சம், பூட்டு நிக்குதாங்கறது தான் முதல் கேள்வி.

இப்போ அதே உலகத்துல இருக்கற மத்த அமைப்புங்களைப் பாத்தா இன்னும் தெளிவாகும். ஒரு சோதனை வச்சுப் பாப்போம். ஒரு முகம் பாக்கற கண்ணாடி இருக்கு. அதுல நம்ம முகம் தெரியாது, நாம கடைசியா யார்கிட்ட பொய் சொன்னோமோ அவங்க முகம் தெரியும். இதை ஃபவுண்டேஷன் கையில குடுத்தா டி-கிளாஸ் ஆளுங்களை வரிசையா நிக்க வச்சு டெஸ்ட் பண்ணி, குறிப்பு எழுதி, துணி போட்டு மூடி லாக்கர்ல வச்சிடும். குளோபல் ஒக்கல்ட் கோயலிஷன்னு ஒண்ணு இருக்கு, அந்த உலகத்துக் கதைப்படி ரெண்டாம் உலகப் போரோட பின்னணில நடந்த ஒரு மாந்திரீகப் போருக்கு அப்புறம் 108 அமைப்புங்க கூடி உண்டானது. அது கண்ணாடியை உடைக்கும், உடைச்ச சில்லும் அதே வேலையைச் செய்யுதான்னு பாக்கும், செஞ்சா அரைச்சிடும், அவங்களுக்கு இது ஒரு பொருளே இல்ல, மிரட்டல். மார்ஷல் கார்ட்டர் அண்ட் டார்க் வியாபாரிங்க, அவங்க கேட்லாக்ல அழகா நாலு வரி எழுதி பெரிய பணக்காரங்களுக்கு ஏலம் விட்டுடுவாங்க. சர்பென்ட்ஸ் ஹேண்ட் ஆளுங்களோ, இதை ஏன் ஒளிச்சு வைக்கணும், உலகம் இதோட வாழக் கத்துக்கட்டுமேன்னு கேப்பாங்க. அமெரிக்க எஃப்பிஐல விசித்திர வழக்குகளைப் பாக்கற யூஐயூ பிரிவு, பணமும் இல்ல மரியாதையும் இல்ல, அவங்க இதை வச்சு ஒரு கேஸாவது முடிக்க முடியுமான்னு பாப்பாங்க, கோர்ட்டு இதை சாட்சியா எடுத்துக்காதுன்னு தெரிஞ்சும் பாப்பாங்க. (எனக்கு ரொம்பப் பிடிச்சது இவங்க தான், சின்ன ஆபீஸ்ல உக்காந்து பெரிய விஷயத்தோட மல்லுக்கட்டறவங்க.)

கண்ணாடி ஒண்ணு தான். அஞ்சு பேர் அஞ்சு விதமா நடந்துக்கறாங்க, அதுக்கேத்த மாதிரி அவங்க எழுதற தாளும் மாறுது. அந்த விக்கில இந்த மாதிரி மத்த அமைப்புங்களோட பார்வைல, அவங்களோட ஃபார்மேட்டுலயே எழுதறது ஒரு தனி வகையாவே வளர்ந்துச்சு. எஸ்சிபியோட ஜப்பான் மொழிக் கிளைக்காரங்க இதை ரொம்ப நல்லா பண்ணியிருக்காங்க. ஷூஷூயின்னு ஒரு பழைய ஜப்பானிய அமைப்பை உருவாக்கினாங்க, போருக்கு அப்புறம் ஃபவுண்டேஷன் அதை விழுங்கிடுச்சுன்னு கதை. அதோட ஃபைலுங்க பழைய நடைல, சேகரிப்புக் குறிப்பேடு மாதிரி இருக்கும். மாடர்ன் ரிப்போர்ட்டோட வாடையே வராது. படிக்கறப்பவே இது வேற காலம், வேற ஆளுங்கன்னு தெரிஞ்சிடும்.

நேரடியா இந்தப் பிரச்சனையை சந்திச்சது ஆர்பிசி அத்தாரிட்டிங்கற இன்னொரு கூட்டுக்கதை உலகம். 2018 ஜூன்ல எஸ்சிபி விக்கி தன்பாலின, திருநர் உரிமையைக் கொண்டாடற பிரைட் மாசத்துக்காக லோகோவை வானவில் நிறத்துல மாத்துச்சு, அதுல பெரிய சண்டை, அதுல ஒத்துப்போகாத சிலர் பிரிஞ்சு போய் ஆரம்பிச்சது தான் ஆர்பிசி. சண்டைல யார் சரிங்கறது இங்க நம்ம பேச்சு இல்ல. எழுதறவங்களா அவங்களுக்கு இருந்த சிக்கலை மட்டும் பாருங்க: பழகின கை, பழகின ஃபார்மேட், பழகின வாசகர், ஆனா தனி அமைப்பு வேணும். அவங்க செஞ்சதுல எனக்கு முக்கியமா பட்டது வகைப்பாடு. அடைக்கறதுக்கு ஆல்ஃபா, பீட்டா, காமான்னு ஒண்ணு, எந்த விதத்துல ஆபத்துங்கறதுக்குத் தனியா ஹசார்டு குறிகள்னு இன்னொண்ணு. சேஃப் யூக்ளிட் கீட்டருக்கு பதில் வெறும் கிரேக்க எழுத்து போட்டிருந்தா அது பெயிண்ட் அடிச்ச மாதிரி தான். ஆனா ஆபத்தைத் தனியா பிரிச்சு முதல் பக்கத்துலயே போடறப்போ, அந்த ஃபைலைத் திறக்கறவர் கதவைத் திறந்து உள்ள போகப் போற ஆளுங்கற எண்ணம் வருது. ஃபவுண்டேஷன் ஃபைல் பூட்டறவனுக்கு, இது உள்ள போறவனுக்கு. சின்ன வித்தியாசம் தான், ஆனா பேர் மாத்தறதை விட எவ்ளோ ஆழம்.

முடிவே இல்லாத காலி அறைங்கள்ல மாட்டிக்கறதைப் பத்தின பேக்ரூம்ஸ்ங்கற கூட்டுக்கதைலயும் இது நடந்துச்சு. 2019 மே மாசம் ஃபோர்சான்ல ஒரு மஞ்சள் அறைப் படமும் அதுக்குக் கீழ சின்னதா ஒரு பத்தியும். அந்தப் பத்தில எந்த அமைப்பும் இல்ல. விக்கிங்கள்ல எழுதினவங்க எம்இஜின்னு ஒரு குழுவைக் கொண்டு வந்தாங்க, மாட்டிக்கிட்டவங்களே சேர்ந்து, ஒவ்வொரு லெவலா போய்ப் பாத்து, பின்னாடி வர்றவங்களுக்கு எச்சரிக்கை எழுதி வைக்கறவங்க. 2022 ஜனவரில யூடியூப்ல தொடங்கின வீடியோ வரிசைல வந்த அசிங்க்ங்கற அமைப்போ நேரெதிர், வெளில பத்திரமா நின்னுக்கிட்டு, இவ்ளோ காலி இடம் கிடைக்குதே, சாமான் வைக்கலாம், ஜனங்களைக் குடி வைக்கலாம்னு கணக்குப் போடற கம்பெனி. ஒரே மஞ்சள் அறை. ஒருத்தருக்கு அது சிறை, இன்னொருத்தருக்கு ரியல் எஸ்டேட். அமைப்புக்கு அந்த இடத்துலேருந்து என்ன வேணும்ங்கற ஒரே கேள்வில மொத்தமும் மாறிப்போச்சு.

நிஜ வரலாறுல இதுக்கு உதாரணம் கொட்டிக் கிடக்கு, ஆனா கூட்டுக்கதை எழுதறவங்க அந்தப் பக்கம் போறதே இல்ல, மத்த கூட்டுக்கதையைப் பாத்தே எழுதறாங்க. அதனால தான் எல்லாம் ஒரே மாதிரி இருக்குன்னு நான் நெனைக்கறேன். கிழக்கு ஜெர்மனியோட ரகசியப் போலீஸான ஸ்டாசியை எடுத்துக்குங்க. 1989ல முழுநேர வேலைக்கு மட்டும் சுமார் 91,000 பேர், அவங்க விட்டுட்டுப் போன ஃபைலுங்களை வரிசையா வச்சா 111 கிலோமீட்டர் நீளம். இதை விட எனக்குத் தூக்கம் கெட்ட விஷயம், ஆளுங்களோட வாசனையைத் துணில எடுத்து கண்ணாடி ஜாடில அடைச்சு லேபிள் ஒட்டி வச்சிருந்தாங்க, தேவைப்பட்டா மோப்ப நாய்க்குக் காட்ட. அந்த ஒரு ஜாடி போதும், அவங்க எப்படிப்பட்ட அமைப்புன்னு சொல்ல, தனியா ஒரு பக்கம் விளக்கம் எழுதத் தேவையில்ல. அதே மாதிரி 1776ல பவேரியால ஆரம்பிச்ச இல்லுமினாட்டி, வைஸ்ஹவுப்ட்ங்கற பேராசிரியர் தொடங்கினது, அவர் தனக்கு ஸ்பார்ட்டகஸ்னு பேர் வச்சுக்கிட்டாரு, மியூனிக் ஊருக்கு ஏதென்ஸ்னு பேர், இங்கோல்ஸ்டாட்டுக்கு எலூசிஸ்னு பேர். படிச்சவங்களோட கிளப்பு அது, பழங்காலக் கிரேக்கம் ரோமுன்னு கனவு கண்டவங்க, அந்தக் கனவு அவங்க கடிதத்தோட விலாசத்துலயே இருக்கு.

பேருக்கு வருவோம். ரகசிய அமைப்புன்னா பயங்கரமான பேர் வைக்கணும்னு ஒரு பழக்கம் இருக்கு, நிழல், இருள், கருப்பு, நள்ளிரவுன்னு. நிஜத்துல ரகசியமா இருக்கணும்னு நெனைக்கறவங்க கொட்டாவி வர்ற பேரா தான் தேடறாங்க. 1940ல பிரிட்டன் ஆரம்பிச்ச எஸ்ஓஇ, எதிரி பிடிச்ச நாட்டுக்குள்ள ஆளுங்களை இறக்கி நாசவேலை பண்ண வச்ச அமைப்பு, அது வெளில காட்டிக்கிட்ட பேர்ல ஒண்ணு இன்டர் சர்வீசஸ் ரிசர்ச் பீரோ. முதல் உலகப் போர்ல பீரங்கி வண்டியைத் தயார் பண்ணப்போ தண்ணித் தொட்டின்னு சொல்லிச் சமாளிச்சாங்க, அந்த டேங்க்ங்கற பேரே கடைசில நிலைச்சிடுச்சு. அமெரிக்காவோட உளவு செயற்கைக்கோள் அலுவலகம் 1961லேருந்து இருக்கு, அப்படி ஒண்ணு இருக்குன்னே 1992 வரைக்கும் ஒத்துக்கல. ஒத்துக்கிட்டதுக்கு அப்புறம் 2013ல ஒரு ராக்கெட்டுக்கு பூமியைக் கட்டிப் பிடிச்ச ஆக்டோபஸ் படத்தைச் சின்னமா போட்டாங்க. கவனிச்சீங்களா, ஒளிஞ்சிருக்கற வரைக்கும் சாதாரணம், வெளில வந்தப்புறம் தான் மிரட்டற படம். உங்க அமைப்புக்குப் பயமுறுத்தற லோகோ இருந்தா, அது யாருக்குக் காட்டறதுக்குன்னு கேளுங்க. சொந்த ஆளுங்களுக்கா? அப்போ உள்ள ஒரு பெருமை இருக்கு, அந்தப் பெருமைலேருந்து கதை எடுக்கலாம்.

தமிழ்ல எழுதறவங்களுக்குப் பேர்ல இன்னொரு வசதி இருக்கு, நாம அதைப் பயன்படுத்தறதே கம்மி. ஆணையம்னா மேல யாரோ உத்தரவு போட்டு வந்தது. கழகம்னா ஆளுங்க கூடி கொள்கைக்காகச் சேர்ந்தது. மடம்னா குரு சிஷ்யன் வழியா வர்றது, அங்க ராஜினாமாங்கற வார்த்தைக்கே இடமில்ல. கிடங்குன்னா ஆளை விட சாமான் முக்கியம். அந்த ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்கறப்போவே பாதி வேலை முடிஞ்சிடுது. வாக்கியமும் அப்படித்தான், "பொருள் அகற்றப்பட்டது"ன்னு எழுதற அமைப்பும் "நாங்க எடுத்துட்டு வந்தோம்"னு எழுதற அமைப்பும் ஒண்ணு கிடையாது. முதல்ல சொன்னதுல செஞ்ச ஆளே இல்ல, தப்பானா மாட்டவும் ஆள் இல்ல. திருக்குறள்ல ஒற்றாடல்னு ஒரு அதிகாரமே இருக்கு, அதுல ஒரு ஒற்றனை இன்னொரு ஒற்றன் அறியாம வைக்கணும், மூணு பேர் தனித்தனியா கொண்டு வர்ற சேதி ஒத்துப்போனா தான் நம்பணும்னு வரும். இந்த ஒரு விதியை உங்க அமைப்புக்குக் குடுத்துப் பாருங்களேன். ஒவ்வொரு ஃபைலும் மூணு பேர் எழுதினதா இருக்கும், அவங்களுக்கு ஒருத்தரை ஒருத்தர் தெரியாது, ரெண்டு பேர் ஒரே மாதிரி எழுதி மூணாவது ஆள் மட்டும் வேற எழுதினா அந்தச் சம்பவம் நடக்கவே இல்லன்னு அமைப்பு முடிவு பண்ணிடும். அந்த மூணாவது ஆள் சொன்னது தான் உண்மையா இருந்தா என்ன ஆகும்? பத்து கதை அங்கயே இருக்கு.

சட்டத்துப் பக்கத்தையும் ஒரு வரி சொல்லிடறேன், குழம்பறவங்க நெறைய. எஸ்சிபி விக்கில இருக்கற எழுத்து கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய்-எஸ்ஏ 3.0 லைசென்ஸ்ல இருக்கு, எழுதினவங்க பேரைச் சொல்லி, உங்க படைப்பையும் அதே லைசென்ஸ்ல விட்டா தாராளமா எடுத்து எழுதலாம், வித்துக்கூட காசு பாக்கலாம். அதனால ஃபவுண்டேஷன் கதை எழுதணும்னா ஃபவுண்டேஷன் கதைன்னு சொல்லியே எழுதுங்க, அதுல ஒரு குறையும் இல்ல. பேரை மறைச்சு எழுதறது தான் ரெண்டுங்கெட்டான்.

சரி, நாங்க என்ன பண்ணோம். பதவி அட்டவணையைத் தூக்கிப் போட்டுட்டு ஒரே கேள்வி கேட்டோம், இந்த விசித்திரப் பொருளையெல்லாம் எங்க ஆளுங்க என்னன்னு நம்பறாங்க? எங்கள்ல ஒரு தம்பி சொன்னான், "அண்ணா, இதெல்லாம் யாரோ தொலைச்ச பொருளா இருந்தா?" எல்லாரும் சட்டுன்னு அமைதியாயிட்டோம். அங்கேருந்து எல்லாமே தானா வந்துச்சு. எங்க அமைப்பு பூட்டி வைக்கறதில்ல, உரியவரைத் தேடிப் போய்த் திருப்பிக் குடுக்குது. அதனால பெரிய கட்டடம் தேவையில்ல, காவல் படை தேவையில்ல, தேடறதுல கெட்டிக்காரங்க தான் வேணும், வழியெல்லாம் விசாரிக்கத் தெரிஞ்சவங்க, பொறுமைசாலிங்க. ரகசியம் ஏன்? வெளில தெரிஞ்சா ஒவ்வொரு பொருளுக்கும் ஆயிரம் பேர் இது என்னோடதுன்னு வந்து நிப்பாங்க. வகைப்பாடும் மாறிடுச்சு, உரியவர் தெரிஞ்சது, உரியவர் தெரியாதது, அப்புறம் மூணாவது, உரியவர் வாங்க மறுத்தது. அந்த மூணாவது வகையைப் பேசிட்டிருக்கும்போதே எங்கள்ல ரெண்டு பேர் எழுத ஆரம்பிச்சிட்டாங்க. பழைய கட்டுரைல பேரை மாத்திப் பாத்த அந்த சோதனையைத் திரும்ப வச்சோம், இந்தத் தடவை ரெண்டாவது வரிலயே இடிச்சுது, ஃபவுண்டேஷன் எதையும் யாருக்கும் திருப்பிக் குடுக்காதே.

கூட்டா எழுதறதுல ஒரு கூடுதல் கஷ்டம், அடையாளம் ஒருத்தர் மண்டைக்குள்ள இருந்தா பிரயோஜனமே இல்ல. புதுசா வர்றவர் யாரையும் கேக்காம எழுதணும், எழுதினது ஒட்டணும். நாங்க மொதல்ல நாப்பது பக்கத்துக்கு வரலாறு எழுதி வச்சிருந்தோம், யாரும் படிக்கல, படிச்சவங்களும் எதைத் தொட்டாலும் எங்கயாவது முரண்படுமோன்னு பயந்து எழுதாம விட்டாங்க. எஸ்சிபிகாரங்க கேனன்னு, அதாவது எல்லாரும் ஏத்துக்க வேண்டிய ஒரே அதிகாரப்பூர்வக் கதைன்னு, ஒண்ணே கிடையாதுன்னு சொல்லிட்டாங்க, அதனால தான் அது இவ்ளோ வளர்ந்துச்சு, சம்பவங்களைக் கட்டிப் போடல, ஃபைலோட நடை மட்டும் பொதுவா இருந்துச்சு. நாங்களும் நாப்பது பக்கத்தை ஓரமா வச்சிட்டு நல்ல ஃபைல் அஞ்சு மட்டும் எழுதினோம், ஒவ்வொண்ணும் அமைப்பு ஒரு கஷ்டமான முடிவு எடுக்கற இடத்துல நிக்கற மாதிரி. அமைப்பை யார் ஆரம்பிச்சாங்க, பணம் எங்கேருந்து வருதுங்கறதை வேணும்னே எழுதாம விட்டோம். முடிவு பண்ணாத விஷயம் வேற, விட்டு வச்ச விஷயம் வேற, விட்டு வச்சதுன்னு எல்லாருக்கும் தெரியணும், அது மட்டும் போதும்.

ஆனா ஒண்ணை மட்டும் விடக்கூடாதுன்னு எனக்குத் தோணுது, அமைப்பு எங்க தப்பு பண்ணுதுங்கறதை. எங்க ஆளுங்க நல்லவங்க மாதிரி தெரியறாங்க, திருப்பிக் குடுக்கறாங்க இல்லையா. ஆனா அந்தப் பொருள் திரும்ப வேணுமான்னு அவங்க யாரையும் கேக்கறதில்ல. ஒருத்தர் பாடுபட்டு மறந்ததைக் கொண்டு போய் வாசல்ல வச்சு ரசீதுல கையெழுத்து கேப்பாங்க. அவங்க நம்பிக்கையே அவங்களைக் கொடூரமாக்குது. ஃபவுண்டேஷனுக்கும் அதே தான், காப்பாத்தணும்ங்கற எண்ணம் தான் டி-கிளாஸ் ஆளுங்களைச் சாக விடுது.

போன மாசம் சேர்ந்த ஒரு பொண்ணு அந்த அஞ்சு ஃபைலை மட்டும் படிச்சிட்டு, எங்க யார்கிட்டயும் ஒரு வார்த்தை கேக்காம, முதல் கதையைப் போட்டாங்க. கதை கூட இல்ல, ஒரு ரசீது. அந்தப் பொய் முகம் காட்டற கண்ணாடிக்கானது. உரியவர் பேர், எங்க தொலைஞ்சது, எத்தனை தடவை வீட்டுக்குப் போனாங்க, ஒவ்வொரு தடவையும் கதவு திறந்துச்சா இல்லையா, எல்லாம் வரிசையா இருந்துச்சு. பதினாலாவது தடவைக்கு நேரா, கதவைத் திறந்தது சின்னப் பொண்ணு, அம்மா வீட்ல இல்லன்னு சொன்னா, கண்ணாடியை அவ பக்கம் திருப்பல, அப்படின்னு எழுதியிருந்துச்சு. கையெழுத்து போடற இடம் காலி.